ஐம்பத்தொரு மணித்தியாலம் ஓடிய வடிதாள்

போன மாதம் தர்ஷினி தொலைபேசியில் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்த கந்தோரில் என்னுடைய பழைய மேசையில் இப்போது இருப்பவள் அவள். நாங்கள் கையால் எழுதிய குறிப்பேடுகளையெல்லாம் கணினியில் ஏற்றுகிறாள். கொட்டாஞ்சேனை நிலையத்தின் ஒரு தை மாதப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாளாம். காற்று மாதிரி ஒன்று பிழைத்தால் காரணம் போடுவதற்கு அவளுடைய கணினியில் ஒரு பட்டியல் இருக்கிறது: மின்தடை, மழை, தாள் கிழிந்தது, இயந்திரக் கோளாறு. நான் எழுதி வைத்த காரணம் அந்த நாலுக்குள்ளும் அடங்கவில்லை.

“மிஸ், இதை ‘வேறு’ எண்டு போட்டுவிடவா?” என்று கேட்டாள்.

போடாதே, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கோபம் வந்துவிட்டது, அவ்வளவுதான். அறுபத்தெட்டு வயதில் கோபத்தை உள்ளே வைத்திருக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே எழுதுகிறேன்.

என் வேலை தூசு நிறுப்பது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். அம்மாவுக்கு அது பிடிக்காது. மகள் ஆராய்ச்சி செய்கிறாள் என்று அவ சொல்லித் திரிவா. இரசாயனம் படித்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரண்டு வருடம் சோதனைக் குழாய் கழுவி, ஒரு வருடம் தராசு துடைத்து, பிறகுதான் கூரையில் ஏற விட்டார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கூரை வேலை இப்படி. ஒரு கொப்பித் தாளைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைக் கண்ணாடி நார்த் தாள். அதுதான் வடிதாள். அதை ஒரு நாள் முழுக்க ஈரம் உறிஞ்சும் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெட்டியின் அடியில் நீலக் கற்கள் கிடக்கும். அவை ஈரம் குடித்து இளஞ்சிவப்பானால் வறுத்து மறுபடி நீலமாக்க வேண்டும். பிறகு தாளை நிறுத்து, உறையில் போட்டு, கூரையில் இருக்கும் இயந்திரத்தில் பூட்ட வேண்டும். மோட்டர் இருபத்துநாலு மணித்தியாலம் ஊர்க் காற்றை அந்தத் தாளினூடாக இழுக்கும். அடுத்த நாள் தாளைத் தூசு உள்பக்கமாக மடித்து எடுத்து வந்து, திரும்பவும் ஒரு நாள் பெட்டியில் வைத்து நிறுத்தால், கூடிய பாரம் ஊர்ச்சனம் சுவாசித்த தூசு. ஆறு நாளுக்கு ஒருமுறை இந்தச் சுற்று. ஏழு நாள் என்று வைத்தால் எப்போதும் ஒரே கிழமைதான் வரும், ஆறென்றால் ஞாயிறும் வரும், திங்களும் வரும்.

எங்களுக்கு இரண்டு நிலையங்கள். ஒன்று இரத்மலானையில், கடலுக்குக் கிட்ட. மற்றது கொட்டாஞ்சேனையில், ஒரு கன்னியர்மடப் பாடசாலையின் மூன்றாம் மாடிக்கு மேலே. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏற வேண்டும். பாடசாலையின் அதிபர் சிஸ்டர் பெர்னடெட் ஒவ்வொரு முறையும் கீழே நின்று ஏணியைப் பிடிப்பார். பிடித்துக்கொண்டே செபிப்பார். எனக்காகவா, ஏணிக்காகவா என்று நான் கேட்டதில்லை.

தராசு அறை சேனாதீர சேருடையது. அவர் எங்கள் தலைமை அலுவலர். அந்த அறைக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் போவார், நாங்களும் அப்படியே. வெள்ளைப் பருத்திக் கையுறை. பவுடர், சென்ட், தலையில் பூ எதுவும் கூடாது. தராசின் இலக்கம் அசையாமல் நிற்கும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கழுத்து நரம்பு புடைக்கும். மூன்று தரம் நிறுத்து மூன்றும் ஒத்தால்தான் எழுத விடுவார். மையால்தான் எழுத வேண்டும். பிழைத்தால் ஒரு கோடு கீறி, பக்கத்தில் கையெழுத்து வைத்துத் திரும்ப எழுதலாம். எழுதியதை அழிக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது ஒரே ஒரு தரம், ஒருவர் பென்சிலால் எழுதியபோது.

முதல் நாளே என் நெற்றியைப் பார்த்து, கொஞ்சம் கூச்சப்பட்டு, திருநீற்றைத் துடைத்துவிட்டு உள்ளே வர முடியுமா என்று கேட்டார். அதுவும் தூசுதானே, தாளில் உதிர்ந்தால் நிறை கூடும். எனக்கு நியாயமாகப் பட்டது, துடைத்தேன். அந்தச் சண்டைக் காலத்தில் கொழும்பில் பல தமிழ்ப் பெண்கள் சோதனைச்சாவடி வரும்போது பொட்டையும் திருநீற்றையும் துடைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பயம் அவரவர் பாடு. நான் தராசுக்காக ஒவ்வொரு நாளும் துடைத்தேன், சோதனைச்சாவடிக்காக ஒருநாளும் துடைக்கவில்லை.

இனிப் பருவங்களுக்கு வருகிறேன். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கடலிலிருந்து சோளகம் அடிக்கும். வெள்ளவத்தையில் யன்னல் கம்பியெல்லாம் துருப்பிடிக்கும், ஆனால் காற்று சுத்தம். தாள் கிட்டத்தட்ட வெள்ளையாகவே வரும், நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். (வைத்திருக்கிறேன். சேருக்குத் தெரியாது.) மார்கழியில் காற்று திரும்பும். வாடை தரைப் பக்கமிருந்து மெதுவாக வரும், விடியற்காலையில் அசையவே அசையாது. பஸ் புகை, லொறிப் புகை, விறகு அடுப்பு, வீதிப் புழுதி எல்லாம் எழும்பிய இடத்திலேயே நிற்கும். தாள் சாம்பல் நிறமாகும். அந்த வருடங்களில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சோதனைச்சாவடியில் ஒவ்வொரு வாகனமாக நிறுத்திப் பார்ப்பார்கள், பின்னால் நிற்கிற டீசல் பஸ்கள் இஞ்சினை அணைக்காமல் அரை மணித்தியாலம் புகைத்துக்கொண்டிருக்கும். சண்டைக்கும் ஒரு தூசு இருந்தது, அதையும் நாங்கள் நிறுத்தோம்.

வாடைக் காலத்தில் இரண்டு நிலையத்திலும் நிறை கூடும். கடல் தாண்டி, இந்தியப் பெருநிலத்திலிருந்து தூசு வருகிறது என்பது மேலிடத்தின் விளக்கம். இன்றைக்கும் மார்கழியில் கைத்தொலைபேசியில் காற்றின் தரம் காட்டும் சிவப்புப் புள்ளி விழுந்தவுடன் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அது பொய்யில்லை, முழு உண்மையுமில்லை. கடல் தாண்டி வருகிற தூசு இரத்மலானைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் ஒரேமாதிரித்தானே வர வேண்டும்? இரத்மலானையில் தாள் சாம்பலாகும்போது கொட்டாஞ்சேனையில் கறுப்பாகும். வெறும் கறுப்பில்லை, சாய்த்துப் பிடித்தால் ஒரு மினுக்கம் இருக்கும்.

அந்த மினுக்கம் எங்கிருந்து வருகிறது என்று சிஸ்டருக்குத் தெரியும். பாடசாலைக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில், கிராண்ட்பாஸ் பக்கமாக, ஒரு பட்டறை. பழைய வாகன பற்றரிகளை உடைத்து உருக்கி ஈயம் எடுப்பார்கள். விடியற்காலையில்தான் உலை எரியும். சோளகத்தில் அந்தப் புகை கிராண்ட்பாஸ் ஆட்களின் நெஞ்சுக்குப் போயிருக்கும், அங்கே எங்களுக்கு இயந்திரம் இல்லை. வாடையில் அது நேரே பாடசாலையின் மேல்மாடிக்கு வந்தது. மேல்மாடியில் சின்ன வகுப்புகள். அடிக்கடி வயிற்றுவலி என்று ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, இரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். சிஸ்டர் மாநகர சபைக்கு நாலு தரம் ஏறி இறங்கினார். அரசாங்க அளவீடு ஒன்று கொண்டுவந்தால்தான் பட்டறையில் கைவைக்கலாம் என்றார்கள்.

அரசாங்க அளவீடு என்றால் எங்கள் ஆண்டறிக்கை. அதில் வாடைப் பருவச் சராசரி வர வேண்டுமென்றால் ஒரு குறித்த தொகை மாதிரிகள் செல்லுபடியாக வேண்டும். அந்தப் பருவத்தில் கொட்டாஞ்சேனையில் மூன்று நாள் ஏற்கெனவே ‘மின்தடை’ என்று போயிருந்தது. இன்னும் ஒன்று போனால் சராசரி இல்லை. சோளகத்தின் வெள்ளைத் தாள்கள் மட்டும் அறிக்கையில் நிற்கும், கொட்டாஞ்சேனை சுத்தமான ஊராகிவிடும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தத் தை மாத நாள் வந்தது.

கொட்டாஞ்சேனை இயந்திரத்தில் நேரம் வைக்கிற மணிக்கூடு இறுகிப்போயிருந்தது. இருபத்துநாலு மணித்தியாலத்தில் தானாக நிற்காது, ஆள் போய்த்தான் நிறுத்த வேண்டும். அன்று காலை இரத்மலானைத் தாளை எடுத்துக்கொண்டு, மாற்றுவதற்குப் புது மணிக்கூடு ஒன்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கந்தோர்க் கடிதம் கையில் இருந்தது. அதில் வடிதாள், உறை, கையுறை, குறிப்பேடு என்று எழுதியிருந்தது. மணிக்கூட்டை அதில் சேர்க்கும்படி கேட்க மறந்துவிட்டேன். அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

கோட்டைக்குக் கிட்ட பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். பெண் பொலிஸ் என் பையைத் திறந்து மணிக்கூட்டைத் தூக்கினாள். அதிலிருந்து இரண்டு வயர் தொங்கியது. “மே மொகத்த?” என்றாள். இது என்ன என்று கேட்டால் சொல்ல எனக்கு நல்ல சிங்களம் இருந்தது, சொன்னேன். ஆனால் அவள் அதற்குள் என் அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டாள். வரிசை அப்படியே பின்னால் நகர்ந்தது. என்னைச் சுற்றி இவ்வளவு இடம் அதற்கு முன்னும் பின்னும் கொழும்பில் எனக்குக் கிடைத்ததில்லை.

பொலிஸ் நிலையத்தில் ஒரு மர வாங்கில் அன்று பகலும் இரவும் இருந்தேன். அடிக்கவில்லை. கேள்விதான், ஒரே கேள்வியை நாலு பேர் மாறி மாறி. கூரைகளுக்கு ஏன் ஏறுகிறாய்? தூசை நிறுக்கிறேன். தூசை ஏன் நிறுக்கிறாய்? இதற்கு என்ன பதில் சொல்வது? நீங்களும் அதைத்தான் சுவாசிக்கிறீர்கள் என்றேன். அது நல்ல பதிலாக அவர்களுக்குப் படவில்லை. எனக்கு வேறு யோசனை. கொட்டாஞ்சேனையில் மோட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் மத்தியானத்துக்கு முன் சேனாதீர சேர் வந்தார். கையில் அதே மாதிரி இன்னொரு மணிக்கூடு. பொறுப்பதிகாரியின் மேசையில் அதை வைத்து, ஐந்து நிமிடத்துக்கு முறுக்கிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அறையில் இருந்தவர்கள் மெல்ல மெல்ல வாசல் பக்கம் போனார்கள். ஐந்து நிமிடம் முடிய ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். சேர் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, என் அலுவலரைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டார். அந்த மனிதரைப் பற்றி நான் இனி என்ன எழுதினாலும் இந்த ஐந்து நிமிடத்தை மறக்க வேண்டாம்.

வீட்டுக்குப் போங்கள் என்றார் சேர். நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு பிளேன் ரீ தந்தார். பிறகு ஏணியைப் பிடிக்காமல் எனக்குப் பின்னாலேயே ஏறி வந்துவிட்டார், அந்த அங்கியோடு. மோட்டர் சூடாகி முனகிக்கொண்டிருந்தது. மணித்தியாலம் எண்ணுகிற மானி ஐம்பத்தொன்று காட்டியது. தாள், நான் அதுவரை எடுத்த எல்லாத் தாளையும்விடக் கறுப்பு.

அங்கேயே நின்று குறிப்பேட்டை நிரப்பினேன். ஆரம்பக் காற்றோட்டம், முடிவுக் காற்றோட்டம், ஓடிய நேரம். கடைசிப் பத்தி, குறிப்பு. அதில் எழுதினேன்: ‘தொழில்நுட்ப அலுவலர் பொலிஸ் தடுப்புக் காவலில் இருந்தார்.’ எழுத்து இன்றைக்கும் வடிவாக இருக்கிறது என்று தர்ஷினி சொல்கிறாள்.

நாலு நாள் கழித்து சேர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். குறிப்பேடு மேசையில் விரிந்திருந்தது. விதிப்படி இருபத்தைந்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால் மாதிரி செல்லாது, அது எனக்கும் தெரியும் என்றார். அதற்கும் மேலாக, இந்தக் குறிப்பை அமைச்சில் யாரும் பார்த்தால் என் வேலைக்கும் ஆபத்து, கந்தோருக்கும் ஆபத்து. பிறகு தணிந்த குரலில் சிங்களத்தில் சொன்னார்: “புவனா, இது அரசாங்கப் புத்தகம். பொலிஸ் என்ற சொல் இதற்குள் வேண்டாம். மின்தடை என்று எழுதுங்கள். இன்னும் ஒரு மின்தடை, யார் கேட்கப் போகிறார்கள்?”

“சேர், எழுதினதை அழிக்கக் கூடாது எண்டு சொல்லித் தந்தது நீங்கள்தான்,” என்றேன். “மின்தடை எண்டால் மானி ஐம்பத்தொன்று காட்டாது. பொய் சொல்லுறதெண்டால் மானியையும் சேர்த்துத்தான் பொய் சொல்லச் சொல்ல வேணும்.”

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். எப்படியும் மாதிரி செல்லாது, ஐம்பத்தொரு மணித்தியாலம் ஓடினால் எந்தத் தாளும் கறுக்கும் என்று சொல்லிக் கொப்பியை மூடினார்.

எந்தத் தாளும் கறுக்குமா? அந்தச் சொல் எனக்குள் ஏறிவிட்டது. பார்ப்போம் என்று வெளியே வந்தேன்.

அடுத்த போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, வெள்ளிக்கிழமையில் வந்தது. எனக்குச் சேர வேண்டிய லீவில் ஒரு நாளும் எடுக்கவில்லை, யாரிடமும் அனுமதியும் கேட்கவில்லை. ஒரே பெட்டியிலிருந்து இரண்டு வெள்ளைத் தாள் எடுத்தேன். காலை ஏழு மணிக்கு இரத்மலானை, ஒன்பதரைக்குக் கொட்டாஞ்சேனை. இரண்டு இயந்திரத்திலும் மணிக்கூட்டைக் கழற்றிவிட்டு மோட்டரை நேரே பூட்டி ஓடவிட்டேன். ஞாயிறு காலை பத்துக்கு இரத்மலானைத் தாளை எடுத்தேன், பன்னிரண்டரைக்குக் கொட்டாஞ்சேனைத் தாளை. இரண்டிலும் மானி ஐம்பத்தொன்று. வழியில் அதே சோதனைச்சாவடி, அதே கடிதம். அதில் ‘மணிக்கூடு’ என்ற சொல்லை சேர் தன் கையாலேயே சேர்த்துக் கையெழுத்து வைத்துத் தந்திருந்தார். நெற்றியில் திருநீறு போட்டுக்கொண்டுதான் போனேன்.

இரத்மலானைத் தாள் சாம்பல். கொட்டாஞ்சேனைத் தாள் கறுப்பு, அதே மினுக்கம். போயாவிலும் பட்டறை ஓடியிருக்கிறது.

குறிப்புப் பத்தி இருந்ததே, அதை வெறுமையாக விட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நிலையத்துக்கும் எழுதினேன்: ‘தொழில்நுட்ப அலுவலர் சுதந்திரமாக இருந்தார்.’

நிறுக்கிற நாளில் இரண்டு தாளையும் சேருக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தானே நிறுத்தார், மூன்று தரம், பிறகு இன்னொரு மூன்று தரம். வெளியே வந்து குறிப்பேட்டை எடுத்தார். நான் எழுதிய குறிப்புகளை வாசித்தபோது ஒரு பக்கமாகச் சிரித்த மாதிரி இருந்தது, சத்தியம் பண்ண மாட்டேன். பேனையைத் திறந்து, தை மாதக் குறிப்புக்குக் கீழே ‘மாதிரி ஏற்கப்பட்டது, ஒப்பீடு பார்க்க’ என்று மையால் எழுதித் தன் முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்து வைத்தார்.

மூன்று தாளிலிருந்தும் பட்டி பட்டியாக வெட்டி உலோகப் பரிசோதனைக்கு அனுப்பினோம். இரத்மலானையில் கொஞ்சம் ஈயம் இருந்தது, அது பெற்றோலில் வருவது, அந்த நாளில் எந்த வீதியிலும் இருந்தது. கொட்டாஞ்சேனைத் தாள் இரண்டிலும் இருந்த ஈயத்தைக் கடல் தாண்டி எந்தக் காற்றும் கொண்டுவந்திருக்காது. கொட்டாஞ்சேனையின் வாடைப் பருவச் சராசரி அறிக்கையில் ஏறியது. சிஸ்டர் அந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்து ஐந்தாம் முறையாக மாநகர சபைக்குப் போனார். இரண்டு மாதத்தில் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. உலையைக் கழற்றி வேறெங்கோ கொண்டுபோனார்களாம். எங்கே என்று தெரியவில்லை. அங்கேயும் யாரோ சுவாசித்திருப்பார்கள், அதனால் நான் முழுக்கப் பெருமைப்பட மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் திரும்பி வந்தது.

அரசாங்கப் பொருளை அனுமதியின்றிப் பாவித்ததற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சேருக்கு அமைச்சிலிருந்து விளக்கம் கேட்டு வந்தது. வர இருந்த பதவி உயர்வு வரவில்லை, அதே கதிரையிலிருந்து ஓய்வு பெற்றார். என்னிடம் ஒரு சொல் குறை சொல்லவில்லை. பிரியாவிடை அன்று மட்டும், நீங்கள் என்னுடைய தராசைவிடப் பிடிவாதம் என்றார்.

இந்த இடத்தில் முடித்திருந்தால் நான் நல்ல வீராங்கனையாக நின்றிருப்பேன். நேற்று தர்ஷினி திரும்ப எடுத்தாள். மேலிடத்தில் கேட்டுப் பட்டியலில் புதுக் காரணம் ஒன்று சேர்த்துவிட்டாளாம்: ‘அலுவலர் தடுக்கப்பட்டார்.’ சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

“இதுக்குள்ள வாறது இந்த ஒண்டுதானே மிஸ்?”

அந்தப் பருவத்தில் மூன்று ‘மின்தடை’ என்று மேலே எழுதினேன். மூன்றும் என் கையெழுத்து. ஒரு நாள் சோதனைச்சாவடியில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்து மத்தியானம் வரை யாரையும் வெளியே விடவில்லை. இன்னொரு நாள் பொலிஸ் பதிவுத் துண்டு வீட்டில் கிடந்தது, அது கையில் இல்லாமல் தமிழர் யாரும் சோதனைச்சாவடி தாண்ட முடியாது. கந்தோருக்கு வந்து மின்தடை என்று எழுதினேன். கந்தோரில் தமிழர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம், யாரும் சொல்லித் தரவில்லை. என்னுடைய அந்த மூன்று பொய்யால்தான் அந்தப் பிள்ளையின் கதை ஒரே ஒரு தாளில் வந்து தொங்கியது. சேருக்கும் அது தெரிந்திருந்தது. ‘இன்னும் ஒரு மின்தடை’ என்று அவர் சும்மா சொல்லவில்லை. ஓய்வூதியத்தை நிறுத்துவதென்றால் நிறுத்தட்டும்.

“நாலு எண்டு போடு, பிள்ளை,” என்றேன். “அந்த மூண்டு நாளும் கொட்டாஞ்சேனையில கரண்ட் இருந்தது.”